ஓடாத ஆண்டு: 2019இல் ஹார்ட்ராக் 100 கைவிடப்பட்டது எப்படி, ஏன்?

அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் சில்வர்டன் என்ற சிற்றூர் இருக்கிறது. ஆண்டுதோறும் ஜூலை மாதம் அங்கே நடக்கும் ஹார்ட்ராக் 100 மலைப்பாதை ஓட்டம் 2019ஆம் ஆண்டு நடக்கவில்லை. ஓட்டத்துக்கு இன்னும் 39 நாட்கள் இருந்தபோது, ஜூன் 10ஆம் தேதி, அமைப்பாளர்கள் அதைக் கைவிடுவதாக அறிவித்தார்கள்.

விபத்துக்குப் பிறகு எழுதப்படும் ஆய்வுகள் நம்மிடம் நிறைய இருக்கின்றன. விபத்துக்கு இடமே கொடுக்காத ஒரு முடிவைப் பற்றி யாரும் அதிகம் எழுதுவதில்லை. அப்படி ஒரு முடிவு எடுத்தவர்களுக்குப் பாராட்டு அபூர்வமாகவே கிடைக்கும். ‘ஒன்றும் ஆகியிருக்காது, நடத்தியிருக்கலாம்’ என்ற முணுமுணுப்புதான் மிஞ்சும். அதனாலேயே இதை முழுமையாகப் பதிவு செய்ய விரும்புகிறேன். சம்பந்தப்பட்டவர்களின் பெயர்களைத் தரவில்லை. இங்கே முக்கியம் அவர்கள் வகித்த பொறுப்பும் எடுத்த முடிவும்தான்.

பின்புலம்

சில்வர்டன் வெள்ளியும் தங்கமும் தோண்டிய ஊர். சுமார் 2,840 மீட்டர் உயரத்தில், நம் தொட்டபெட்டாவின் உச்சியைவிட இருநூறு மீட்டர் மேலே இருக்கிறது. ஆண்டு முழுவதும் தங்கி வாழ்பவர்கள் சில நூறு பேர்தான். கடினமான பாறையைக் குடைந்து தாது எடுத்த தொழிலாளர்களை அங்கே ‘ஹார்ட்ராக்’ சுரங்கத்தார் என்பார்கள். அப்பகுதியின் கடைசிப் பெரிய சுரங்கம் 1991இல் மூடப்பட்டது. மறு ஆண்டே, 1992இல், இந்த ஓட்டம் தொடங்கியது. சுரங்கத்தார் கழுதைகளோடு ஏறி இறங்கிய பழைய பாதைகளில்தான் ஓட்டம் செல்கிறது. ஊரின் நினைவை ஊராரே காலால் நடந்து காப்பாற்றும் ஏற்பாடு இது என்றுதான் நான் இதைப் பார்க்கிறேன்.

பாதை சுமார் 165 கிலோமீட்டர். சில்வர்டனில் கிளம்பி, டெல்லுரைட், யூரே ஆகிய ஊர்கள் வழியாகவும் லேக் சிட்டிக்கு மேலுள்ள பள்ளத்தாக்குகள் வழியாகவும் சுற்றி, மீண்டும் சில்வர்டனுக்கே வரும். மொத்த ஏற்றம் பத்தாயிரம் மீட்டருக்கு மேல். மிக உயர்ந்த இடமான ஹான்டீஸ் சிகரம் 4,280 மீட்டர். முடிக்க 48 மணி நேரம் தருவார்கள். பரிசுப் பணம் கிடையாது. முடிவுக்கோட்டில் நாடாவும் இல்லை. ஆட்டுக்கிடாவின் தலை வரையப்பட்ட ஒரு பெரிய பாறை நிற்கும். அதை முத்தமிட்டால்தான் ஓட்டம் முடிந்ததாகக் கணக்கு.

அனுமதிக்கப்பட்டவர்கள் 146 பேர் மட்டுமே. விண்ணப்பிப்பவர்களோ ஆயிரக்கணக்கில். குலுக்கலில் பெயர் வராதவருக்கு அடுத்த ஆண்டு சீட்டுகளின் எண்ணிக்கை கூடும். அப்படியும் பல ஆண்டுகள் காத்திருப்பவர்கள் உண்டு. ஓட வருபவர் அதற்கு முன் எட்டு மணி நேரமாவது பாதைச் சீரமைப்பிலோ வேறு ஓட்டங்களிலோ தொண்டு செய்திருக்க வேண்டும் என்பதும் விதி. இந்த ஓட்டத்தைச் சமூகத்தின் ஓட்டம் என்று சொல்வதற்கு இந்த எட்டு மணி நேரம் ஒரு நல்ல அடையாளம்.

இன்னோர் அடையாளம் விர்ஜினியஸ் கணவாய். ஏறத்தாழ 4,000 மீட்டர் உயரத்தில், இரண்டு பாறைச் சுவர்களுக்கு நடுவே, ஒரு சிறு திண்ணையளவே உள்ள இடைவெளி. அங்கேயும் ஓர் உதவி நிலையம் உண்டு. தண்ணீர், அடுப்பு, உணவு என எல்லாவற்றையும் தன்னார்வலர்கள் முதுகில் சுமந்தே ஏற்ற வேண்டும். இருட்டில், பனி மூடிய மலைச்சரிவில் கயிற்றைப் பிடித்து ஏறி வரும் ஒருவருக்கு அங்கே ஒரு கிண்ணம் சூடான உணவு கிடைக்கிறது. பின்னால் வரும் முடிவைப் புரிந்துகொள்ள இந்தக் காட்சியை மனதில் வைத்துக்கொள்வது நல்லது.

2019க்கு முன்பும் இரண்டு முறை ஓட்டம் நின்றிருக்கிறது. 1995இல் பனி காரணம், 2002இல் காட்டுத்தீ. ஆகவே அமைப்பாளர்களுக்கு நிறுத்துவது புதிதல்ல. ஆனால் 2002க்குப் பின் 16 ஆண்டுகள் இடைவிடாமல் நடந்திருந்தது. அந்த நீண்ட தொடர்ச்சி நெஞ்சில் ஒரு பாரமாகவே இருந்திருக்கும்.

2018–19 குளிர்காலம்

சில்வர்டனைச் சூழ்ந்த சான் வான் மலைத்தொடரில் அந்தக் குளிர்காலம் பனி ஏராளமாக விழுந்தது. மார்ச் மாதம் அடுத்தடுத்து வந்த புயல்கள் கொலராடோ முழுவதும் பெரும் பனிச்சரிவுகளை உண்டாக்கின. ஐந்து படிகள் கொண்ட எச்சரிக்கை அளவில் உச்சப் படியான ஐந்தாவது பல பகுதிகளுக்கு அறிவிக்கப்பட்டது. சில்வர்டனையும் யூரேயையும் இணைக்கும் மலைச்சாலை வாரக்கணக்கில் மூடப்பட்டது. லேக் சிட்டிக்கு மேலே பனிச்சரிவு ஒரு வீட்டையே நொறுக்கியது. உள்ளே இருந்த குடும்பத்தினர் உயிர் தப்பியது பெரும் பேறு.

பனிச்சரிவு அந்த மலைகளில் ஆண்டுதோறும் நடப்பதுதான். வழக்கமாக அது விழும் தடம் மரமின்றி மொட்டையாக இருக்கும். ஊராருக்கு அந்தத் தடங்கள் எல்லாம் மனப்பாடம். 2019 மார்ச்சில் நடந்ததோ வேறு. சரிவுகள் பழைய தடங்களின் கரையை மீறி, பல பத்தாண்டுகள் வளர்ந்த காட்டுக்குள் புகுந்தன. மரங்களை வேரோடு பிடுங்கிப் பள்ளத்தாக்கின் அடியில் கொண்டுவந்து கொட்டின.

மே, ஜூன்: கண்ணில் பட்டவை

அந்தக் குவியல்களைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். வெறும் பனியாக இருந்தால் வெயில் பட்டு உருகும். இவற்றில் பனியோடு அடிமரங்கள், வேர்கள், பாறைகள், மண் எல்லாம் கலந்து இறுகியிருந்தன. மேலே மண்ணும் மரப்பட்டையும் போர்த்திக்கொள்வதால், மரத்தூளுக்குள் புதைத்து வைத்த பனிக்கட்டி போல உள்ளே இருக்கும் பனி உருகாமல் நிற்கும். பாதை அதன் அடியில் எங்கோ கிடக்கும். மேலே ஏறிக் கடக்கலாம் என்றால், தாறுமாறாகக் கிடக்கும் மரங்களுக்கு நடுவே கால் எப்போது வேண்டுமானாலும் உள்ளே இறங்கும். தலைவிளக்கு வெளிச்சத்தில், முப்பது மணி நேரம் தூங்காத ஒருவர் அதைத் தாண்ட வேண்டும்.

இன்னொரு சிக்கல் பனிப்பாலங்கள். பள்ளத்தாக்கில் விழுந்த பனி ஓடையின் மீது மூடிக்கொள்ளும். அடியில் ஓடும் நீர் அதைக் குடைந்துகொண்டே போகும். மேற்பரப்பு கெட்டியாகத் தெரியும். காதைக் கொடுத்துக் கேட்டால் அடியில் தண்ணீர் இரையும். விடியற்காலையில் உறைந்து கல்லாக இருக்கும் பாலம் மதியத்துக்குப் பிறகு இளகிவிடும். காலையில் முதலில் கடந்த பத்துப் பேர் பத்திரமாகப் போனார்கள் என்பது மாலையில் வரும் நூறாவது ஆளுக்கு எந்த உத்தரவாதமும் தராது. ஜூன் தொடக்கத்தில் இருந்த பாலம் ஜூலை நடுவில் இருக்குமா, பாதி இடிந்து நிற்குமா என்பதையும் யாராலும் சொல்ல முடியாது.

ஓடை வெள்ளத்துக்கும் இதே மாதிரி ஒரு நேரக்கணக்கு உண்டு. பகலில் உருகும் நீர் கீழே வந்து சேர்வதால் மாலையிலும் முன்னிரவிலும்தான் மலை ஓடைகள் மிக வேகமாக ஓடும். பாதையின் திசை ஆண்டுக்கு ஆண்டு மாறும். 2019இல் ஓட வேண்டியிருந்த திசையில், சில்வர்டனுக்குச் சில கிலோமீட்டர் முன்பாக உள்ள மினரல் ஓடையை ஏறக்குறைய 160 கிலோமீட்டருக்குப் பின் கடக்க வேண்டும். சாதாரண ஆண்டிலேயே அங்கே கயிறு கட்டித்தான் கடக்கவிடுவார்கள்.

இதற்கிடையே லேக் சிட்டி மக்களின் கவலை ஓட்டத்தைவிடப் பெரியது. ஊருக்கு மேலே ஓடையில் இருந்த, சுரங்கக் காலத்துப் பழைய அணை ஒன்று, மரக் குவியல்களோடு வரும் வெள்ளத்தில் உடைந்தால் ஊரே மூழ்கும் என்று அஞ்சி, அதை முன்கூட்டியே பிரித்தெடுத்தார்கள். கரையோரம் மணல் மூட்டைகள் அடுக்கினார்கள். ஓட்டத்துக்குக் கைகொடுக்கும் அதே மனிதர்கள், அதே மீட்பு வண்டிகள், தங்கள் வீடுகளைக் காப்பதில் இறங்கியிருந்தார்கள்.

என்ன வழிகள் இருந்தன

இந்த நிலையில் அமைப்பாளர்கள் முன்னால் இருந்த வழிகளை என் பார்வையில் எடைபோடுகிறேன்.

காத்திருந்து பார்ப்பது மிக எளிய வழி. ஜூலை 19 வெள்ளிக்கிழமை ஓட்டம். ஜூலை முதல் வாரம்வரை பனி உருக நேரம் தரலாம். பல ஓட்டக்காரர்கள் விரும்பியதும் இதைத்தான். ஆனால் பாதையில் கொடி நடும் வேலை ஓட்டத்துக்குப் பத்து நாட்களுக்கு முன்பே தொடங்க வேண்டும். அதற்கு முதலில் போக வேண்டியவர்கள் தன்னார்வலர்கள். சம்பளமில்லாமல் வரும் மனிதர்களை, நிலைமை தெரியாத பனிப்பாலத்தின் மேல் முதல் ஆளாக அனுப்புவதற்கு என்ன நியாயம்? ஓட்டக்காரராவது விரும்பி ஏற்ற ஆபத்து என்று சொல்லிக்கொள்ளலாம். கொடி நடப் போகிறவருக்கு அதைச் சொல்ல முடியாது.

பாதையை மாற்றுவது அடுத்த வழி. ஒரு ஓடை, ஒரு சரிவு என்றால் மாற்றலாம். முன்பு சிறு மாற்றங்கள் செய்தும் இருக்கிறார்கள். இம்முறை பாதையின் 40 சதவீதத்துக்கும் மேல் பனியாலோ சரிவாலோ குவியலாலோ பாதிக்கப்பட்டிருந்தது. ஓட்டம் செல்வது பெரும்பாலும் மத்திய அரசின் வனத்துறை, நில மேலாண்மைத் துறை நிலங்களில். புதுப் பாதைக்குப் புது அனுமதி வேண்டும். அத்தனையையும் மாற்றி நடத்தினால் அது வேறொரு ஓட்டமாகவே இருந்திருக்கும்.

தள்ளிவைப்பதும் எளிதல்ல. ஜூலைக் கடைசியிலும் ஆகஸ்டிலும் அந்த மலைகளில் பிற்பகல் இடிமழை வலுக்கும். 2014 ஓட்டத்தின்போது ஹான்டீஸ் சிகரத்தின் மேல் ஓர் ஓட்டக்காரரையும் அவருடைய துணை ஓட்டக்காரரையும் மின்னல் தாக்கித் தரையில் சாய்த்தது, இருவரும் பிழைத்தார்கள். பனியிலும் மரக்குவியலிலும் வேகம் குறைந்தால் ஒவ்வொருவரும் உயரமான திறந்த வெளியில் இருக்கும் நேரம் கூடும். ஆகவே 48 மணி நேரத்தை நீட்டிக் கொடுப்பதும் உதவியாகத் தோன்றினாலும் உண்மையில் ஆபத்தைத்தான் கூட்டும்.

ஜூன் 10: முடிவும் அதன் காரணமும்

திங்கட்கிழமை வந்த அறிவிப்பு சுருக்கமானது. வரலாறு காணாத பனி, பனிச்சரிவுகள், அவற்றின் குவியல்கள், நம்ப முடியாத பனிப்பாலங்கள், சென்றடைய முடியாத உதவி நிலையங்கள் ஆகியவற்றைக் காரணமாகச் சொன்னார்கள்.

இந்தப் பட்டியலில் நான் கடைசிக் காரணத்துக்கே அதிக எடை கொடுப்பேன். அந்த 146 பேரில் பலர் உலகின் மிகக் கடினமான மலைப்பாதைகளில் ஓடியவர்கள். பனிக்கோடரியோடு பனியில் ஏறத் தெரிந்தவர்களும் இருந்திருப்பார்கள். ‘அவர்களால் கடக்க முடியுமா’ என்று கேட்டிருந்தால், பலரால் முடியும் என்பதே நேர்மையான பதில். அமைப்பாளர்கள் கேட்டது வேறு: காலை ஒடித்துக்கொண்டு ஒருவர் பள்ளத்தாக்கின் அடியில் கிடந்தால், நாம் அவரிடம் போய்ச் சேர எவ்வளவு நேரம் ஆகும்? வழக்கமாக வண்டி போகும் மண்சாலைகள் குவியல்களுக்கு அடியில் கிடந்தன. வண்டி போகாத இடத்துக்குச் சூப்பும் போகாது, போர்வையும் போகாது, தூக்குக்கட்டிலும் போகாது. விர்ஜினியஸ் கணவாய்க்கு முதுகில் சுமந்து போவது ஆண்டுதோறும் உள்ள வழக்கம். எல்லா நிலையங்களையும் விர்ஜினியஸ் ஆக்கிவிட முடியாது.

ஜூன் 10 என்ற தேதியும் யோசித்து எடுக்கப்பட்டதாகவே எனக்குத் தெரிகிறது. வெளிநாட்டிலிருந்து வருபவர்கள் விமான டிக்கெட், விடுப்பு, தங்குமிடம் எல்லாவற்றையும் மாற்றிக்கொள்ள ஐந்து வாரம் கிடைத்தது. உயரத்துக்கு உடலைப் பழக்கப் பலர் இரண்டு மூன்று வாரம் முன்பே சில்வர்டன் வந்துவிடுவார்கள்; அவர்கள் கிளம்புமுன் செய்தி போய்ச் சேர்ந்தது. ஜூலை 10இல் சொல்லியிருந்தால் அவர்களெல்லாம் ஏற்கனவே வந்து இறங்கியிருப்பார்கள். ஊரில் வந்து காத்திருக்கும் கூட்டத்தின் முகத்தைப் பார்த்து நிறுத்துவது மிகக் கடினம். அந்த நிலைக்குத் தங்களைத் தள்ளிக்கொள்ளாமல் முன்னதாகவே முடிவெடுத்தது இந்த நிகழ்வில் நான் மிக மதிக்கும் விஷயம்.

அதன் பிறகு

குலுக்கலில் இடம் பெற்றிருந்தவர்களுக்கு அந்த இடம் 2020க்கு நீட்டிக்கப்பட்டது. பல ஆண்டு காத்திருந்து ஒரு வழியாகப் பெயர் வந்தவருக்கு இது நியாயமான ஏற்பாடு. ஆனால் இடங்கள் 146 தான். உள்ளே இருப்பவர் அப்படியே தொடர்ந்தால், வெளியே வரிசையில் நிற்பவருக்குக் கதவு ஓராண்டு கூடுதலாக மூடியிருக்கும்.

2020இல் கொரோனா வந்தது. ஓட்டம் மறுபடியும் நின்றது. 2018 ஜூலையில் பாறையை முத்தமிட்டவர்களுக்குப் பிறகு, அடுத்த ஓட்டம் 2021 ஜூலை 16 அன்றுதான் கிளம்பியது. மூன்று ஆண்டு இடைவெளி. 2019க்கு ஐம்பதுகளின் கடைசியில் பயிற்சி செய்த ஒருவர் அறுபதைத் தாண்டிக் கிளம்பியிருப்பார். 48 மணி நேரக் கெடுவுக்குள் முடிக்க ஒவ்வொரு நிமிடத்தையும் எண்ணும் ஒருவருக்கு அந்தக் காத்திருப்பு என்ன விலை என்பது ஓடுபவர்களுக்குத் தெரியும். இந்த இழப்பை எந்த இடநீட்டிப்பும் ஈடு செய்யாது. அமைப்பாளர்களைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. முடிவு சரியாக இருந்தாலும் அதற்கு விலை கொடுத்த மனிதர்கள் உண்டு என்பதைப் பதிவில் விடக்கூடாது.

2021 ஓட்டம் அதே திசையில் நடந்தது. முதலில் வந்தவர் 22 மணி நேரத்துக்குள் பாறையைத் தொட்டார்.

2023 குளிர்காலத்திலும் சான் வான் மலைகளில் சராசரியைவிட நிறையப் பனி. அந்த ஆண்டும் நிறுத்தப்படும் என்று பலர் எதிர்பார்த்தார்கள். ஓட்டமோ ஜூலையில் குறித்தபடி நடந்தது. ஓட்டக்காரர்கள் நீண்ட பனித்திட்டுகளில் வழுக்கியும் ஏறியும் கடந்தார்கள். 2019இல் எடுத்த முடிவு மிகையானது என்று வாதிடுபவர்களுக்கு இந்த 2023 தான் ஆயுதம். எனக்கோ இது எதிர்ப்பக்கம் பேசுகிறது. இரு ஆண்டுகளையும் பிரித்தது பனியின் ஆழமல்ல. 2019 மார்ச் சரிவுகள் காட்டை வேரோடு கொண்டுவந்து பாதையிலும் சாலையிலும் கொட்டியிருந்தன. அளவுகோலில் பனியை மட்டும் பார்த்து முடிவெடுத்திருந்தால் இரண்டு ஆண்டும் ஒரே முடிவு வந்திருக்கும்.

மாற்றிச் செய்திருக்கக்கூடியவை

முடிவோடு எனக்குக் கருத்து வேறுபாடு இல்லை. அதைச் சுற்றிய சிலவற்றை வேறுவிதமாகச் செய்யலாம் என்று கருதுகிறேன்.

எந்த நிலை வந்தால் நிறுத்துவோம் என்பதைக் குளிர்காலம் தொடங்குமுன் எழுதி வெளியிட்டுவிட வேண்டும். எத்தனை உதவி நிலையங்களுக்கு வண்டி போக முடியாவிட்டால், மீட்புக் குழு எந்தத் தேதிக்குள் ‘எங்களால் வர முடியும்’ என்று உறுதி தராவிட்டால், ஓட்டம் இல்லை என்று முன்பே சொல்லியிருந்தால், ஜூன் 10 அறிவிப்பு யாருக்கும் இடியாக விழுந்திருக்காது. மேற்குத் தொடர்ச்சி மலையில் மழைக்காலத்தை ஒட்டி ஓட்டம் நடத்தும் நம் அமைப்பாளர்களும் ஓடை மட்டத்துக்கு இப்படி ஒரு கோட்டைக் கிழித்து வைக்கலாம். முந்தின நாள் இரவு வானத்தைப் பார்த்து எடுக்கும் முடிவில் ஆசை கலந்துவிடுகிறது.

இடம் நீட்டிப்பதற்கும் வரம்பு வேண்டும். நிறுத்தப்பட்ட ஆண்டின் ஓட்டக்காரர்கள் எல்லோரையும் அடுத்த ஆண்டே நிரப்பாமல், இரண்டு மூன்று ஆண்டுகளில் பகிர்ந்து எடுத்துக்கொள்ளச் சொன்னால், வரிசையில் நிற்பவர்களுக்கும் ஆண்டுதோறும் சில இடமாவது திறந்திருக்கும். வயதானவர்களுக்கு இதில் முதல் தேர்வு தரலாம்.

மூன்றாவது, ஊர். சில நூறு பேர் வாழும் மலையூரில் கோடைக்காலம் குறுகியது. ஜூலையின் ஒரு வாரத்துக்கு அறை எடுத்தவர்கள் எல்லாம் ஒரே நாளில் ரத்து செய்தால், விடுதி நடத்துபவரும் உணவகக்காரரும் அந்த இழப்பைத் தனியே சுமக்கிறார்கள். ஓட்டக்காரர்களுக்குப் போகும் முதல் கடிதத்திலேயே ஒரு வரி சேர்த்திருக்கலாம்: ஓட்டம் இல்லை, அறையை ரத்து செய்யாதீர்கள், வந்து பாதையைச் சீரமைக்கக் கைகொடுங்கள். அந்தக் கோடையில் ரம்பம் பிடித்து மரம் அறுக்க வேண்டிய இடம் பல கிலோமீட்டர் இருந்தது. எட்டு மணி நேரத் தொண்டு வேலையை நுழைவு விதியாகவே வைத்திருக்கும் ஓட்டத்துக்கு, அந்தக் கடிதத்தை எழுதும் உரிமை வேறு யாரையும்விட அதிகம்.